பீப்பாய்க்கு வருகிற கரடி

கூடாரத்துக்குள் நுழைந்ததிலிருந்து மெரடித் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். முதலில் சளி என்று நினைத்தாள் கோலெட். அப்புறம்தான் தெரிந்தது, அவள் எதையோ மோந்து பார்க்கிறாள். படுக்கையை விரித்தாள், மோந்தாள். தலையணையைத் தட்டிப் போட்டாள், மோந்தாள். கடைசியில் கூடாரத் துணியையே விரல் நுனியால் இழுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்னமோ வாசனை வருது," என்றாள்.

"என்ன வாசனை?"

"இனிப்பா... சோம்பு மிட்டாய் மாதிரி. உங்களுக்கு வரலையா?"

கோலெட்டுக்குச் சுருக்கென்று தைத்தது. தம்பியைக் கட்டிக்கொண்டு முதல் தடவை வீட்டுக்குள் காலடி வைத்தபோதும் இவள் இதே மூக்கைத்தான் தூக்கினாள். ஜன்னலைத் திறந்து வைக்கலாமா என்று கேட்டாள். மறுநாளே குளியலறையில் ஒரு சென்ட் புட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. பாஸ்டனில் பிறந்து வளர்ந்த மகாராணிக்கு, வெளியூர்க்காரர்களைக் கரடி வேட்டைக்குக் கூட்டிப்போய்ப் பிழைக்கிற குடும்பம் நாறத்தானே செய்யும்.

"எங்க வீட்டுச் சாமான்னாலே உனக்கு நாறும். மூக்கை மூடிக்கிட்டுப் படு."

மெரடித் அதோடு வாயை மூடிக்கொண்டாள். கோலெட்டுக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

இது தம்பி லூசியன் செய்த ஏற்பாடு. விடுதியிலிருந்து கடைசி விருந்தாளிகளைக் காலையில் வழியனுப்பிவிட்டு அவனும் வந்துவிடுவான். அதுவரை பெண்டாட்டியும் அக்காவும் ஏரிக்கரையில் ஒரு ராத்திரி தனியாக இருந்து மனசுவிட்டுப் பேசட்டும் என்று நினைத்தான். ஆம்பளை மூளை! கோலெட்டுக்கு அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று, புருஷன் சொல்லாமல் போனவன், பிள்ளை இல்லை. அவளுக்கென்று மிஞ்சியிருப்பது இந்தத் தம்பி ஒருவன்தான். படகைத் தள்ளிவிடும்போது அவள் தோளைப் பிடித்து, "அக்கா, என் பொண்டாட்டிய முழுசாத் திருப்பிக் குடுத்துடு," என்று சிரித்தான். வாய்தான் சிரித்தது. மெரடித் மேல் ஒரு கீறல் விழுந்தால்கூட அவன் இனி தன் முகத்தில் விழிக்கமாட்டான் என்பது கோலெட்டுக்குத் தெரியும். அந்தப் பயம் அவளுக்கு நிஜமாகவே இருந்தது. கரடி பயம்தான் இல்லை.

கரடி பயமெல்லாம் மெரடித்துக்கு. எங்கெங்கோ படித்துவிட்டு வந்திருந்தாள். கூடாரத்துக்குப் பக்கத்தில் சமைக்கக் கூடாது என்று அடுப்பைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக வெகுதூரம் நடந்தாள். பீன்ஸ் சூடாக்கும்போது போட்டிருந்த சட்டையைக் கழற்றி, சாப்பாட்டுப் பையோடு சேர்த்துக் கட்டி, பிர்ச் மரத்தின் உயரமான கிளையில் கயிறு போட்டு ஏற்றினாள். பற்பசை மேலே போயிற்று. உதட்டுக்குப் பூசுகிற களிம்பு போயிற்று. கோலெட்டின் கோட்டுப் பையில் கிடந்த ஒற்றை இருமல் மிட்டாயைக்கூட விடாமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"நகம் வெட்டிப் போட்டிருந்தா அதையும் பொறுக்கிக் கட்டித் தொங்கவிடு," என்றாள் கோலெட்.

"சிரிங்க. நாளைக்கும் உயிரோட இருந்து சிரிக்கலாம்."

"கருங்கரடிம்மா இது. பெருச்சாளிக்குப் பெரியண்ணன். ஒரு சட்டியத் தட்டினா பின்னங்கால் பிடரியில பட ஓடும்."

சொன்னது பொய்யில்லை. பிறந்ததிலிருந்து வட மெய்ன் மாநிலத்தின் இந்தக் காட்டில்தான் இருக்கிறாள். குப்பைத் தொட்டியில் தலைவிட்ட கரடியைத் துடைப்பத்தால் அடித்து விரட்டியிருக்கிறாள். கொட்டகைக் கதவைப் பிறாண்டியதை அப்பா பழைய செருப்பை எறிந்து துரத்தியதைப் பார்த்திருக்கிறாள்.

கூடாரக் கயிறு ஒன்று தொய்ந்து படபடவென்று அடித்தது. அதை இழுத்துக் கட்ட அவள் வெளியே வந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. காட்டுப் பக்கமிருந்து காற்று வலுத்திருந்தது. பைன் மரங்களின் உச்சியில் தொடங்குகிற இரைச்சல் கிளை கிளையாகக் கீழே இறங்கி, ஈரத் தழையும் மக்கின கட்டையும் கலந்த வாடையைத் தள்ளிக்கொண்டு அவள் கழுத்தைத் தடவி, கூடாரத்தைத் தாண்டி, ஏரிக்குள் போயிற்று. அலைகள் கரைக்கு வரவில்லை, கரையை விட்டு எதிர்ப்பக்கம் பார்த்து ஓடின. எதிர்க்கரையில்தான், வேட்டைக்குக் கரடியை இழுக்கத் தீனி வைக்கிற அவர்களுடைய பீப்பாய்கள் இருந்தன; வேட்டைக் காலம் முடிந்து எல்லாவற்றையும் காலிசெய்து கவிழ்த்துவிட்டு வந்து இரண்டு வாரம் ஆகிறது. முளையைக் கல்லால் அடித்து இறக்கிவிட்டு நிமிர்ந்தவள், பிர்ச் மரத்தைப் பார்த்தாள். சாப்பாட்டுப் பை பத்திரமாகத் தொங்கியது. அதற்கு நேர் கீழே கரடி நின்றது.

அது பையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரிய ஆண். மயிர் உடம்போடு ஒட்டி, வயிற்றுக்கடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. ஏரியை நீந்திக் கடந்து வந்திருக்கிறது. எப்போது கரையேறிற்று, எப்போது தங்களைச் சுற்றிக்கொண்டு காட்டுப் பக்கம் போய் நின்றது என்று கோலெட்டுக்குப் புரியவில்லை. ஒரு சுள்ளி ஒடிகிற சத்தம்கூடக் கேட்கவில்லையே.

"ஏய்!" கைகளைத் தூக்கி ஆட்டினாள். "போ! போடா நாயே!" கீழே கிடந்த தகர வாளியை எடுத்துக் கல்லால் டமடமவென்று தட்டினாள்.

மெரடித் கூடாரத்திலிருந்து தலையை நீட்டினாள். பார்த்தாள். முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது.

"ஓடாத," என்றாள் கோலெட். "மெதுவா வெளிய வா. எம் பக்கத்துல வந்து நில்லு. ரெண்டு பேரும் ஒட்டி நின்னாப் பெருசாத் தெரிவோம். இப்பப் பாரு, ஓடிரும்."

ஓடவில்லை. வாளிச் சத்தத்துக்குக் காது மட்டும் ஒருமுறை அசைந்தது. பயந்த கரடி புஸ்ஸென்று மூச்சை ஊதும். பல்லைக் கடகடவென்று அடிக்கும். முன்காலால் தரையை அறையும். பாய்கிற மாதிரி நாலடி வந்து திரும்பி ஓடும். அத்தனை ஆர்ப்பாட்டமும் பயம்தான். சத்தம் போடுகிற கரடியை ஒரு மாதிரி சமாளித்துவிடலாம். இது ஒன்றுமே செய்யவில்லை. வாளியைத் தட்டித் தட்டி அவள் கை ஓய்ந்தபோது, அது பின்னங்காலை மடக்கி, நிதானமாக உட்கார்ந்தது.

"ஏன் உக்காருது?" மெரடித்தின் குரல் நூலாக வந்தது. "கோலெட், அது ஏன் உக்காருது?"

கோலெட் வாளியைக் கீழே வைத்தாள். அந்த உட்காரலை அவள் பார்த்திருக்கிறாள். எங்கே என்றுதான் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

கோட்டுப் பையிலிருந்து வாக்கி டாக்கியை எடுத்தாள். "லூசியன். லூசியன், இருக்கியா?"

கரகரப்பு. பிறகு தம்பியின் குரல், பின்னால் பாத்திரங்கள் உருளுகிற சத்தத்தோடு. "என்னக்கா, அதுக்குள்ள அவ உன்னக் கடிச்சிட்டாளா?"

"கரடி வந்திருக்கு. சத்தம் போட்டுப் பாத்தாச்சு. போகல. அதுவும் சத்தம் போடல."

பாத்திரச் சத்தம் நின்றது.

"சத்தமே போடலையா?"

"இல்ல. உக்காந்திருக்கு."

"மெரடித் எங்க?"

"எம் பக்கத்துல."

"துப்பாக்கி எடுத்துட்டு வரேன். ஓடியே வரேன். கூடாரத்த விட்டு எங்கயும் போயிடாதீங்க."

"கூடாரத்துல விளக்க எரிய விடறேன். இருட்டிருச்சுன்னா அதப் பாத்து வா."

விடுதியிலிருந்து காட்டுப் பாதையில் அரை மணி நேரம். ஓடினால் இன்னும் சீக்கிரம். தம்பி வந்துவிட்டால் போதும் என்று இருந்தது கோலெட்டுக்கு. குனிந்து, முடிந்த மட்டும் கரடியின் மேலிருந்து கண்ணை எடுக்காமல், பேட்டரி விளக்கைப் போட்டுக் கூடாரத்தின் உச்சியில் இருந்த கொக்கியில் மாட்டினாள். துணி முழுவதும் மஞ்சளாகப் பூத்தது. திரும்பிப் பார்த்தாள்.

பிர்ச் மரத்தடி காலியாக இருந்தது.

"எங்க போச்சு?"

"தெரியல," என்றாள் மெரடித். "நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சத்தியமாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

காற்று இரைந்தது. மரங்கள் ஒன்றோடொன்று உரசி முனகின. அடிமரங்களுக்கு நடுவே இருட்டு அங்கங்கே திரண்டிருந்தது. ஒவ்வொரு திரளும் கரடியாகத் தெரிந்தது, உற்றுப் பார்த்தால் வேராகவோ பாறையாகவோ மாறியது. அவற்றில் ஒன்று மாறவில்லை. கூடாரத்துக்குப் பின்னால், வெகு அருகில், இருபது முப்பது அடிக்குள்.

மெரடித் இடுப்பிலிருந்து மிளகாய் ஸ்ப்ரே டப்பாவை உருவினாள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கோலெட்டுக்கு உறைத்தது; "அடிக்காதடி!" என்று கத்துவதற்குள் அவள் அழுத்திவிட்டாள். செம்மஞ்சள் புகை நாலடி முன்னால் போயிற்று, நின்றது, அப்படியே திரும்பி இருவர் முகத்திலும் வந்து அப்பியது.

கண்ணுக்குள் தீக்கங்கு. தொண்டைக்குள் தீக்கங்கு. இருவரும் முழங்காலில் விழுந்து இருமினார்கள். மூச்சை இழுத்தால் நெருப்பு, விட்டால் நெருப்பு. கோலெட் தரையைத் தடவி மெரடித்தின் கையைப் பிடித்தாள். இப்போது வந்தால் அவ்வளவுதான். கண் தெரியாத இரண்டு பேர். படுத்துச் செத்த மாதிரி நடிக்கக் கூடாது, கருங்கரடியிடம் அது செல்லாது, மூக்கில் குத்து, கண்ணில் குத்து, கையில் கிடைத்ததை எடுத்து அடி என்று அப்பா சொல்வார். கையில் கிடைத்தது ஒரு கல். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வரவில்லை.

பதிலாக ஒரு சத்தம். சரக்... சரக்... சரக். சொரசொரப்பான ஏதோ ஒன்று துணியின் மேல் நிதானமாக ஏறி இறங்கியது. கண்ணீர் வழிய ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். வாசல் வழியே தெரிந்த கூடாரத்தின் பின்சுவரில், விளக்கொளியில், வெளியிலிருந்து அழுந்திய ஒரு ஈரத் தடம் கீழிருந்து மேலே போய்க்கொண்டிருந்தது. கரடி கூடாரத்தை நக்கியது.

அப்போதுதான் நினைவு வந்தது. அந்த உட்காரல். அந்த நிசப்தம். மரத்தின் மேல் கட்டிய பலகையில், அப்பாவின் பக்கத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு எத்தனை சாயங்காலம் பார்த்திருக்கிறாள்! பீப்பாய்க்கு வருகிற கரடி சத்தம் போடாது. இல்லாத இடத்தில் திடீரென்று இருக்கும். சற்றுத் தள்ளி உட்காரும். மனுஷர் இன்னும் அங்கேயே இருக்கிறார்களா, வைத்துவிட்டுப் போய்விட்டார்களா என்று பார்க்கும். பிறகு எழுந்து வந்து, பீப்பாயின் வெளிப்புறத்தை முதலில் நக்கும்.

"மெரடித்." தொண்டை எரிந்து குரல் கிழிந்து வந்தது. "அந்த வாசனை. எங்கேர்ந்து வந்துச்சு?"

"இப்பவா அதக் கேக்கறீங்க?"

"சொல்லித் தொலைடி!"

"கூடாரத்துலதான். துணி பூரா. உங்க கோட்டுல, உங்க தலைமுடியில... உங்க வீட்டுல எங்க திரும்பினாலும் அதான். லூசியன்கிட்டகூட அதான்." இருமினாள். "நான் குறையாச் சொல்லல. அப்பவும் குறையாச் சொல்லல. நீங்கதான் கோச்சுக்கிட்டீங்க."

கோலெட் கோட்டுக் கையை மூக்கில் வைத்து அழுத்தினாள். வெறும் கம்பளிதான். ஒன்றும் வரவில்லை. மிளகாய்ப் புகைக்கு முன்னாலும் வந்ததில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து, ஆகஸ்ட் வந்தால் வீட்டுக் கொட்டகையில் பழைய டோனட்டும் பொரித்த எண்ணெயும் வெல்லப்பாகும் கலந்து வாளி வாளியாக நிரப்புவதும், அதன்மேல் சோம்பு எண்ணெயைத் தாராளமாகத் தெளிப்பதும்தான் அவர்கள் வேலை. இரண்டு மைல் தாண்டிக் கரடியை இழுத்துவருகிற எண்ணெய் அது. அந்தக் கேன் இருக்கிற அலமாரியில்தான் கூடாரம் வருஷம் பூராவும் கிடந்தது. பீப்பாய்க்குப் போகும்போது போடுகிற கோட்டுதான் இந்தக் கோட்டு. அவளுக்கு மட்டும் அந்த வாசனை இந்த உலகத்திலேயே இல்லை. அவள் மூக்கு அதை எப்போதோ மறந்துவிட்டது.

மெரடித் பற்பசையை மரத்தில் ஏற்றினாள். கோலெட் பீப்பாயை விரித்து, முளையடித்து, அதற்குள் தம்பி பெண்டாட்டியைப் படுக்கச் சொன்னாள்.

ஒன்று விளங்கிவிட்டது. அது தங்களைத் தேடி வரவில்லை, சாப்பிட வந்திருக்கிறது. பீப்பாயில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள்தான் சாப்பாடாகிவிடுவார்கள்.

"படகுக்குப் போறோம்," என்று கிசுகிசுத்தாள். "முதுகக் காட்டாத. பின்னாலயே நட."

கோட்டைக் கழற்றினாள். அதற்குள் போட்டிருந்த கம்பளிச் சட்டையையும் கழற்றினாள். இரண்டையும் சுருட்டி, ஏரியைப் பார்த்துத் திறந்திருந்த கூடார வாசலுக்குள் வீசினாள். பனியனோடு நின்றாள். குளிர் தெரியவில்லை.

நக்குகிற சத்தம் நின்றது.

கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு அது வந்தது. அவசரமில்லை. தோள் ஒருமுறை ஏறியது, மறு தோள் ஏறியது. வாசலுக்கு வந்ததும் தலையைத் திருப்பி இருவரையும் பார்த்தது. மெரடித்தின் நகங்கள் கோலெட்டின் கைக்குள் இறங்கின. அசையவில்லை. மூச்சு விடவில்லை. கரடி மூக்கைத் தாழ்த்தியது. தலை உள்ளே போயிற்று. தோள் போயிற்று. பின்புறம் போயிற்று. கூடாரம் ஒருமுறை குலுங்கி நின்றது.

பின்னாலேயே நடந்தார்கள். கூழாங்கல். ஈர மணல். தண்ணீர் கணுக்காலைக் கடித்தது. படகு. மெரடித் ஏறினாள். கோலெட் தள்ளிக்கொண்டே ஏறினாள். காற்று பின்னாலிருந்து ஒரு கை கொடுத்த மாதிரி உந்தியது. ஒரு துடுப்புகூடப் போடாமலே கரை விலகிப் போயிற்று.

நிறைய தூரம் வந்த பிறகுதான் இருவருக்கும் படபடப்பு இறங்கியது. மெரடித் தன் ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டினாள். "போட்டுக்கோங்க. விறைச்சிடுவீங்க."

"உனக்கு?"

"உள்ள இன்னொண்ணு இருக்கு. பாஸ்டன்காரி நான், நாலு சட்டை போட்டுக்கிட்டுத்தான் காட்டுக்கு வருவேன்."

கோலெட்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போய் இருமல் வந்தது. தொண்டையிலிருந்து குரலே எழும்பவில்லை. மெரடித்தும் சிரித்தாள், சத்தமில்லாமல், அழுதுகொண்டே. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது கோலெட்டுக்கு. முழுசாகக் காப்பாற்றிவிட்டேன் தம்பி, ஒரு கீறல் இல்லை என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

"அவருக்குச் சொல்லிடுங்க," என்றாள் மெரடித். "கூடாரத்துக்கு வர வேணாம், அது உள்ள இருக்குன்னு."

கோலெட் கையை இடுப்புக்குக் கொண்டுபோனாள். கோட்டுப் பைக்கு. கோட்டு இல்லை.

வாக்கி டாக்கி கோட்டுக்குள் இருந்தது.

ஒரு கணம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மெரடித்தான் முதலில் துடுப்பை எடுத்தாள்.

வலித்தார்கள். உந்திவிட்ட காற்று இப்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. துடுப்பு தண்ணீரை அள்ளி வீசியது, படகு நகரவில்லை. முனை திரும்பித் திரும்பி ஓரமாக ஒதுங்கியது. நேர் எதிரே இருந்த கூடாரம் இப்போது பக்கவாட்டில் தெரிந்தது. சுற்றிலும் இருட்டிவிட்டது. கரையில் அது ஒன்றுதான் வெளிச்சம். மஞ்சள் துணிக்குள் ஒரு கறுப்புத் திரட்சி, தாழக் குனிந்து, எதையோ பிய்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு போர்வைக்குள் குறுகி உட்கார்ந்திருந்தால் வெளியிலிருந்து பார்க்க அப்படித்தான் தெரியும்.

காட்டுக்குள் ஒரு டார்ச் குதித்துக் குதித்து வந்தது.

"லூசியன்!" கத்தினாள் கோலெட். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. "வராதடா! லூசியன்!" இரண்டு பேருமாகக் கத்தினார்கள். காற்று அதைப் பிடுங்கிப் பின்னால் ஏரிக்குள் எறிந்தது. அவன் குரலை மட்டும் கொண்டுவந்து கொடுத்தது, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி.

"அக்கா! மெரடித்!"

மெரடித் சிக்னல் இல்லாத போனை எடுத்து விளக்கைப் போட்டுத் தலைக்கு மேல் ஆட்டினாள். ஆட்டினாள். ஆட்டினாள். ஏரிப் பக்கம் ஒருதரம் திரும்பினால் போதும், பார்த்துவிடுவான். திரும்பவில்லை. கரடி காட்டில்தானே இருக்கும். அவன் டார்ச் மரம் மரமாகக் காட்டைத்தான் துழாவியது. பாதை கூடாரத்தின் பின்பக்கம் வந்து முடிகிறது. திறந்த வாசல் அவனுக்குத் தெரியவில்லை. விளக்கு தெரிந்தது. உள்ளே இருந்த திரட்சி தெரிந்தது.

அவன் தோள்கள் தளர்ந்ததைக் கோலெட் பார்த்தாள். நிம்மதி.

வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனான். "அக்கா, வந்துட்டேன்."

அந்தக் குரல் இரண்டு இடத்திலிருந்து வந்தது. அவன் வாயிலிருந்து. கூடாரத்துக்குள்ளிருந்து.

"வெளிய வராதீங்க. அப்படியே அசையாம உக்காந்திருங்க. அது இங்கதான் எங்கயோ நிக்கும், நான் பாத்துக்கறேன். மெரடித், அழாத. நான் இருக்கேன்ல."

துப்பாக்கியைத் தோளில் வைத்தான். காட்டைப் பார்த்து நின்றான். காலை அகட்டி, கூடாரத்துக்குக் காவலாக, அதன் பின்சுவரில் முதுகு படும்படி.

"பாருடா," என்றாள் கோலெட். "பின்னால பாருடா. என் தங்கம். பின்னால."

உள்ளே நிழல் பிய்ப்பதை நிறுத்தியது. கோட்டிலிருந்து வந்த குரலை மோந்தது. பிறகு தலை மெதுவாகத் திரும்பியது. துணிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த அதே குரலுக்கு.

"ஒண்ணும் வராது. நான் நிக்கற வரைக்கும் ஒண்ணும் வராது."

நிழல் எழுந்தது. நின்றது. விளக்கில் தலை இடித்து, வெளிச்சம் இங்கும் அங்கும் ஊசலாடியது. மெரடித் துடுப்பால் படகைப் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கேட்கவில்லை.

பின்சுவர் உள்ளிருந்து மெல்லப் புடைத்தது. அந்தப் புடைப்பு அவன் தோளைத் தொட்டது.

லூசியன் பயப்படவில்லை. துப்பாக்கியைக் காட்டை நோக்கியே பிடித்துக்கொண்டு, இடது கையை மட்டும் பின்னால் கொண்டுபோய், அந்தப் புடைப்பை ஆறுதலாகத் தட்டிக்கொடுத்தான்.